செக்கைப் பெட்டியில போட்டாச்சு, பணம் ஏறல! டெபாசிட் ஸ்லிப் எப்படி நிரப்பணும்?

ஈசூன்_மகள் · திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்லேருந்து, பதற்றத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எங்கம்மாவுக்கு 72 வயசு. பழைய காப்புறுதி ஒண்ணு முதிர்ந்து 3,840 வெள்ளி (டாலர்) 50 காசுக்கு செக் வந்துச்சு. வெள்ளிக்கிழமை நான் வேலையில இருந்தப்ப, சாயந்திரம் நாலு மணி வாக்குல அவங்களே பேங்குக்குப் போய் செக் பெட்டியில போட்டுட்டு வந்துட்டாங்க. "பின்னாடி நம்பர் எழுதினீங்களாம்மா?"ன்னு கேட்டா "எழுதினேன்"ங்குறாங்க. "எந்த நம்பர்?"னா "என் நம்பர்தான்"ங்குறாங்க. அது அக்கவுண்ட் நம்பரா, போன் நம்பரா, ஐசி (அடையாள அட்டை) நம்பரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இன்னிக்கு ராத்திரி வரைக்கும் பணம் ஏறல.

இன்னொரு வேலையும் இருக்கு. போன மாசம் தம்பி கல்யாணம். மொய்யா வந்த காசு மொத்தமும் மைலோ டின்ல கிடக்கு. அதை அம்மா பேருல போடணும். மெஷின் வேண்டாம், கவுண்டர்ல போய் தானே ஸ்லிப் எழுதித்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க, ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. அந்த ஸ்லிப்பை எப்படி நிரப்பணும்னு யாராவது பொறுமையா சொல்லுங்களேன். உண்மையச் சொன்னா எனக்கே தெரியாது. நான் ஸ்லிப் எழுதிப் பதினஞ்சு வருஷம் இருக்கும்.

பேநவ்_ராஜா · திங்கள், இரவு 9:52

இந்தக் காலத்துல செக்கா? காப்புறுதிக்காரங்ககிட்ட அம்மா ஐசி நம்பரைக் கொடுத்தா பேநவ்ல (நம்பரை வச்சே பேங்குக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புறது) நேரா அனுப்பியிருப்பாங்களே. 2017லேருந்து இருக்கு. மொய்க் காசை டெபாசிட் மெஷின்ல போடுங்க, அதுவே எண்ணிக்கும். ஸ்லிப்பெல்லாம் மியூசியத்துக்குப் போக வேண்டியது லா.

ஈசூன்_மகள் · திங்கள், இரவு 9:58

அண்ணே, செக் வந்தாச்சு, பெட்டியிலயும் விழுந்தாச்சு. இனி என்ன செய்யலாம்னு சொல்லுங்க.

பழைய_கவுண்டர் · திங்கள், இரவு 10:31

மகளே, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நான் 31 வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணி என்றீர்கள். இங்கே பெரும்பாலான வங்கிகளில் வேலை நாளில் பிற்பகல் 3:30க்குள் விழும் செக்தான் அன்றைய கணக்கில் சேரும். 3:31க்குப் போட்டால் அது அடுத்த வேலை நாள் செக். ஆக அம்மாவின் செக் திங்கட்கிழமை செக். பணம் கையில் கிடைப்பது அதற்கும் அடுத்த வேலை நாள், பிற்பகல் 2 மணிக்கு மேல். நாளைக்கு மதியச் சாப்பாடு முடியும்வரை பதற ஒன்றுமில்லை.

செக்கின் பின்பக்கம் எழுத வேண்டியவை மூன்று: கணக்கில் உள்ள பெயர், கணக்கு எண், பகலில் எடுக்கக்கூடிய கைப்பேசி எண். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஏதாவது கோளாறு என்றால் வங்கி யாரைக் கூப்பிடும்?

முன்பக்கம் கீழ்விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். காந்த மையில் அச்சடித்த எண்கள் அதில் இருக்கும்: செக் எண், வங்கிக் குறியீடு, கிளைக் குறியீடு, செக் கொடுத்தவரின் கணக்கு எண். அந்தப் பட்டையில் பேனா படவே கூடாது. 2003 முதல் இங்கே செக் தாள் வங்கிக்கு வங்கி பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. அதனால் ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள், நாலாக மடிக்காதீர்கள், பென்சிலில் எழுதாதீர்கள். மஞ்சள் பூசின செக்குகள்கூட என் கைக்கு வந்திருக்கின்றன. சாமி படத்தில் வைத்து எடுத்து வந்தாராம் ஒரு பெரியவர். மஞ்சள் சரியாக வெள்ளித் தொகை எழுதும் கட்டத்தில்தான் இருந்தது.

இன்னொன்று, பெயர். நம் ஆட்களுக்கு வரும் தொல்லையே இதுதான். ஐசியில் "மாரியம்மாள் டி/ஓ ராமசாமி" என்றிருக்கும். செக்கில் கணவர் பெயரை ஒட்டி "திருமதி ஆறுமுகம்" என்று எழுதியிருப்பார்கள். குறுக்குக் கோடு இரண்டு போட்டு "ஏ/சி பேயீ ஒன்லி" என்றும் இருந்துவிட்டால், பெயர் ஒத்துவராத கணக்கில் அதைப் போட முடியாது. அம்மாவின் செக்கில் பெயர் எப்படி இருந்தது?

ஈசூன்_மகள் · திங்கள், இரவு 10:44

ஐயா, ரொம்ப நன்றி. பெயர் ஐசியில இருக்கிறபடியேதான் இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம். செக்கைப் படம் எடுத்து வைக்கல, அதுதான் இப்ப உறுத்துது. ரசீதும் இல்ல.

பழைய_கவுண்டர் · திங்கள், இரவு 10:50

பெட்டி ரசீது தராது. அதனால்தான் போடும் முன் இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பரவாயில்லை, நாளை இரண்டு மணிக்குப் பிறகும் வரவில்லை என்றால் காப்புறுதி நிறுவனத்தையே கேளுங்கள். செக் பாஸாகிவிட்டதா என்பது அவர்கள் கணக்கில் தெரியும். பாஸாகவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு வேறு தரச் சொல்லலாம். பணம் எங்கும் ஓடிவிடாது. செக்கில் போட்ட தேதியிலிருந்து இங்கே ஆறு மாதம் உயிர் உண்டு.

துவாஸ்_தம்பி · திங்கள், இரவு 11:20

ஊர்ல, இந்தியாவுல, மூணு மாசம்தான் ஐயா. 2012 ஏப்ரல்லேருந்து அப்படி மாத்திட்டாங்க. இங்க ஆறு மாசம்னு நினைச்சுக்கிட்டு, ஊர் செக் ஒண்ணை என் துணிப் பெட்டிக்குள்ள வச்சே செல்லாம ஆக்கினவன் நான். லீவுல போறப்ப போட்டுக்கலாம்னு பத்திரமா வச்சிருந்தேன். அவ்வளவு பத்திரம்.

ஈசூன்_மகள் · செவ்வாய், காலை 7:05

எம்ஆர்டி ரயில்ல உக்காந்து எழுதுறேன். ராத்திரி அம்மாவும் நானும் மைலோ டின்னைக் கொட்டி எண்ணினோம். இதுதான் கணக்கு:

ஆயிரம் வெள்ளித் தாள் 1 (பெரியப்பா வச்சது, அம்மா ரெண்டு நாள் அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க)
நூறு வெள்ளி 14
ஐம்பது வெள்ளி 41
பத்து வெள்ளி 52
அஞ்சு வெள்ளி 12
ரெண்டு வெள்ளி 35
ஒரு வெள்ளி நாணயம் 63

மொத்தம் 5,163 வெள்ளி. ஆனா மொய் நோட்டுல அம்மா போட்டு வச்சிருக்கிற மொத்தம் 5,136. இருபத்தேழு வெள்ளி கூட இருக்கு. குறைஞ்சா பரவாயில்ல, கூடினா யாரோ ஒருத்தர் பேரு விட்டுப்போச்சுன்னு அர்த்தம், நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு என்னத்தை வைக்கிறதுன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல அவங்களுக்கு. அப்புறம், ஆயிரம் வெள்ளித் தாள் இப்ப செல்லுமா?

சங்கப்_பொருளாளர் · செவ்வாய், காலை 8:15

தங்கச்சி, அம்மாவைத் தூங்கச் சொல்லுங்க. யாரு பேரும் விட்டுப்போகல.

27ஐ 9ஆல வகுத்துப் பாருங்க. மீதியில்லாம வரும். ரெண்டு மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா, முதல் சந்தேகம் இலக்கம் இடம் மாறியிருக்கும்ங்கிறதுதான். 63ன்னு எழுத வேண்டியதை 36ன்னு எழுதிட்டாங்க. நோட்டுல ஒவ்வொரு பக்கத்து மொத்தத்தையும் கூட்டிப் பாருங்க, கடைசிப் பக்கத்துல மாட்டும். நான் ஒரு சங்கத்துக்குப் பதினொரு வருஷமா கணக்கு பாக்குறேன், என்னை எத்தனை ராத்திரி இந்த ஒன்பது காப்பாத்தியிருக்குன்னு எண்ணிச் சொல்ல முடியாது.

ஆயிரம் வெள்ளித் தாள் செல்லும். 2021 ஜனவரியிலேருந்து புதுசா அச்சடிச்சு வெளியிடுறதை நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். பத்தாயிரம் வெள்ளித் தாளை 2014லயே நிறுத்திட்டாங்க. கையில இருக்கிறது செல்லுபடியாகும். கவுண்டர்ல கொடுங்க.

நாணயம்தான் இடைஞ்சல். நம்ம மொய் 51, 101ன்னு போறதால ஒவ்வொரு கவர்லயும் ஒரு ஒரு வெள்ளி நாணயம் ஒட்டிக்கிட்டு வரும். நாணயம் கட்டுறதுக்குப் பல பேங்குல தனிக் கட்டணம் உண்டு, எண்ணிக்கையப் பொறுத்து. சில கிளையில குறிப்பிட்ட நேரம்தான் வாங்குவாங்க. முன்னாடியே போன் போட்டுக் கேளுங்க. இல்லேன்னா நான் செய்யுறதைச் செய்யுங்க: பக்கத்து கோப்பிக்கடை அண்ணன்கிட்ட கொடுத்து தாளா மாத்திக்குங்க. அவருக்குச் சில்லறை எப்பவும் பத்தாது. கோப்பியும் ஓசியில கிடைக்கும்.

பழைய_கவுண்டர் · செவ்வாய், காலை 9:02

பொருளாளர் சொன்னது முற்றிலும் சரி. இனி ஸ்லிப்.

வங்கிக்கு வங்கி அச்சு மாறும், ஆனால் கேட்பது ஒன்றுதான். பணத்துக்கு ஒரு சீட்டு, செக்குக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக இருந்தால் கலக்காதீர்கள். மேலே தேதி: நாள், மாதம், ஆண்டு. பிறகு கணக்கு எண், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். இங்கே வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணின் நீளம் வேறு, அதனால் கடைசியில் ஒன்றிரண்டு கட்டம் காலியாக நிற்கலாம். நிற்கட்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் நம் மக்களுக்குக் கை துறுதுறுக்கும், ஒரு சைபர் போட்டு நிரப்பிவிடுவார்கள். போட்டால் அது வேறு எண்.

பிறகு கணக்கில் உள்ள பெயர், பெரிய எழுத்தில். அடுத்து தாள்களின் பட்டியல்: எந்த மதிப்புத் தாள், எத்தனை, அதன் தொகை. அம்மாவுக்குச் சொல்லுங்கள், மொத்தத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டும். கவுண்டரில் நான் ஸ்லிப்பை வாங்கியதும் முதலில் பார்ப்பது மொத்தத்தை அல்ல, மை எங்கே மாறியிருக்கிறது என்பதை. மொத்தத்தை முதலில் எழுதியவர், வரிசைகளை அதற்கு ஏற்ற மாதிரி இழுத்து ஒட்டியிருப்பார். ஐம்பது வெள்ளி 41 என்பதை அடித்து 40 ஆக்கி, பத்து வெள்ளியில் ஐந்தைக் கூட்டியிருப்பார். கணக்கு சரியாக வரும், கட்டு சரியாக வராது. மெஷினில் எண்ணும்போது மாட்டிக்கொள்வார்.

எழுத்தால் தொகை கேட்டால் ஆங்கிலத்தில் "ஃபைவ் தௌசண்ட் ஒன் ஹண்ட்ரட் சிக்ஸ்டி த்ரீ ஒன்லி". கடைசியில் அந்த "ஒன்லி" எதற்கு என்றால், பின்னால் யாரும் ஒரு சொல்லைச் சேர்க்க இடம் இல்லாமல் பூட்டுவதற்கு. கையெழுத்து, கைப்பேசி எண். முடிந்தது.

தாள்களை ஒரே முகமாக அடுக்குங்கள், யூசோஃப் இஷாக் படம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி. இது விதி இல்லை. ஆனால் அப்படி அடுக்கிக் கொண்டுவருபவரிடம் எந்த கேஷியரும் முகம் சுளிக்கமாட்டார்.

கவுண்டரை விட்டு நகரும் முன் அச்சடித்துத் திருப்பிக் கொடுத்த பிரதியைப் படியுங்கள். முதலில் எண், அப்புறம் தொகை. அதை அந்த இடத்திலேயே பார்த்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு வாரம்.

பேநவ்_ராஜா · செவ்வாய், காலை 9:30

இதைத்தான் நானும் சொல்றேன், ரெண்டு வாரம்! பேநவ்ல நம்பரைத் தட்டினதும் ஆளு பேரு திரையில வருது. தப்பான ஆளுன்னா அங்கேயே தெரிஞ்சிடும். செக்கையே ஒழிக்கப் போறாங்க. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 ஜூலையிலேயே நிறுவன செக்குகளை நிறுத்தப் போறதா அறிவிச்சாச்சு. அந்த நவம்பர்லேருந்து பெரிய பேங்க் எல்லாம் செக்குக்குக் கட்டணம் போட ஆரம்பிச்சிட்டாங்க. தனிநபருக்கு மட்டும் இன்னும் கொஞ்ச காலம் விட்டு வச்சிருக்காங்க. அம்மாவுக்கு ஆப் போட்டுக் கொடுத்துப் பழக்குங்க.

பழைய_கவுண்டர் · செவ்வாய், காலை 10:10

தம்பி, அறிவிப்பை நானும் படித்தேன். மறுக்கவில்லை. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வயதானவர்கள் வங்கிக்கு வருவது பணம் போட மட்டும் இல்லை. சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு, கியூ நம்பர் வாங்கி, பாஸ்புக்கை நீட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போவதற்கும்தான். அந்தத் திரையில் பெயர் வருகிறது, சரி. பெயர் சொல்லிக் கூப்பிடுமா?

பேநவ்_ராஜா · செவ்வாய், காலை 10:14

சரி சரி, சரண்டர் ஐயா. ஒரு கேள்வி மட்டும்: செக்குல எண்ணுல ஒரு தொகை, எழுத்துல ஒரு தொகை இருந்தா எது செல்லும்? எங்கப்பா எண்ணுதான்னு சாதிக்கிறார்.

சங்கப்_பொருளாளர் · செவ்வாய், காலை 11:40

எழுத்துதான். இங்க மாற்றுச்சீட்டுச் சட்டத்துல அப்படித்தான் இருக்கு, ஊர்ல 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்துலயும் அதேதான். காரணம் எளிசு. 1ஐ 7 ஆக்க ஒரு இழுப்பு போதும், "ஒன்"னை "செவன்" ஆக்க முடியாது.

பழைய_கவுண்டர் · செவ்வாய், நண்பகல் 12:05

சட்டம் அப்படி. ஆனால் நடைமுறையில் எந்த வங்கியும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காது, "எண்ணும் எழுத்தும் வேறுபடுகின்றன" என்று செக்கைத் திருப்பிவிடும். அப்பாவும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

துவாஸ்_தம்பி · செவ்வாய், மதியம் 1:15

லஞ்ச் டைம். நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்.

நான் 2013ல வந்தேன். அறந்தாங்கிப் பக்கம். அப்ப கம்பெனியில சம்பளம் செக்காத்தான் கொடுப்பாங்க. முதல் செக்கை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போனா பேங்க் மூடியிருக்கு. பெட்டி மட்டும் திறந்திருக்கு. மேசையில சங்கிலி போட்ட பேனா ஒண்ணு, அதுல மை இல்ல. ஒரு பங்களாதேஷ் அண்ணன் தன் சட்டைப் பையிலேருந்து பேனா எடுத்துக் கொடுத்து, என் கார்டைப் பாத்து ஒவ்வொரு நம்பரா விரல் வச்சுக் காட்டினாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. "நோ ஹியர், நோ ஹியர், பேக் சைட்"னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அன்னிக்கு அவர் இல்லேன்னா நான் அந்த வெள்ளைப் பட்டையிலதான் எழுதியிருப்பேன், அதுதான் நல்லா இடமா இருந்துச்சு.

இப்ப டார்மிட்டரியில இருக்கிறவங்களுக்கெல்லாம் சம்பளம் நேரா கணக்குக்கே வந்துடுது, 2020லேருந்து அதைக் கட்டாயமாக்கிட்டாங்க. புதுசா வர்ற பசங்களுக்கு ஸ்லிப்புன்னா என்னன்னே தெரியாது.

ஆனா ஊர்ல தெரிஞ்சே ஆகணும். என் பேருல என்ஆர்ஈ கணக்கு (வெளிநாட்டுல இருக்கிறவங்க அங்க சம்பாதிச்சதைப் போடுறது) ஒண்ணு இருக்கு. போன வருஷம் நெல்லு வித்த காசை அப்பா அதுல கட்டப் போனாரு. மூணு தடவை சலான் எழுதி மூணு தடவையும் திருப்பிட்டாங்க. முதல் தடவை பேன் (வருமான வரி) நம்பர் இல்லேன்னாங்க, ஐம்பதாயிரத்துக்கு மேல ரொக்கம்னா கேப்பாங்க. ரெண்டாவது தடவை பேன் கொண்டு போனா கையெழுத்து விட்டுப்போச்சுன்னாங்க. மூணாவது தடவைதான் ஒரு புண்ணியவான் சொல்றாரு, என்ஆர்ஈ கணக்குல உள்ளூர் ரூபாயைக் கட்டவே முடியாது, அதுக்கு, ஊர் வருமானத்தைப் போடுற என்ஆர்ஓ கணக்குதான் வேணும்னு. இதை முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு பெரிய மனுஷன் வெயில்ல மூணு பஸ் ஏறியிருக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சலானைத்தான் பாத்தாங்க, எதுக்கு வந்திருக்காருன்னு கேக்கல.

சங்கப்_பொருளாளர் · செவ்வாய், மதியம் 1:50

தம்பி, படிக்கவே வயிறு எரியுது.

அந்தப் பங்களாதேஷ் அண்ணன் கதையோட ஒரு எச்சரிக்கையும் சேத்துக்குங்க எல்லாரும். எழுதிக் கொடுக்கிறது புண்ணியம், சந்தேகமில்ல. ஆனா "என் காசு, உன் கணக்குல போட்டு எனக்கு அனுப்பிடு, கமிஷன் தர்றேன்"னு எவனாவது கேட்டா அந்த இடத்துல நிக்காதீங்க. கணக்கை அப்படிக் கொடுக்கிறதுக்கு எதிரா 2024 பிப்ரவரியிலேருந்து சட்டம் இன்னும் இறுகியிருக்கு. சந்தேகம்னா மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்குப் போன் பண்ணுங்க.

செட்டித்தெரு_பேரன் · செவ்வாய், மாலை 5:30

சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், கை அரிக்கிறது. விஷயத்துக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், அதாவது நம் செட்டித் தெருவில், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு கிட்டங்கியில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவர். நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு கடை. சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டி மேல் வைத்து எழுதுவார்களாம். கடன் வாங்க வந்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டு, வட்டிக் கணக்கு, பேரேடு எல்லாம் அந்தப் பெட்டிக்குள். ஸ்லிப்பும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஆனால் தாத்தா எழுதிய எந்தத் தாளை எடுத்தாலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி இருக்கும். சலவைக் கணக்குக்குக்கூட. அந்தச் சுழிக்கு நேர் கீழேதான் முதல் எண் தொடங்கும். 1970களில் கிட்டங்கிகளை இடித்தபோது ஒரு பேரேட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கரையான் தின்றது போக மிச்சம் என்னிடம் இருக்கிறது.

செக் என்ன ஆனது மகளே? மணி இரண்டு தாண்டிவிட்டதே.

ஈசூன்_மகள் · செவ்வாய், மாலை 6:48

வரல. மூணு தடவை பாத்துட்டேன். காப்புறுதிக்குப் போன் போட்டேன், செக் இன்னும் பாஸாகலைன்னாங்க.

நல்ல சேதி ஒண்ணு: பொருளாளர் அண்ணே, கடைசிப் பக்கம் 163ஐ அம்மா 136ன்னு எழுதியிருக்காங்க! அவங்ககிட்ட ஒன்பது கணக்கைச் சொன்னேன். "அவரு எந்தப் பள்ளியில படிச்சாரு?"ன்னு கேக்குறாங்க.

ஈசூன்_மகள் · புதன், மதியம் 12:20

பேங்குல பேசினேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பொண்ணு எடுத்துச்சு. பின்னாடி எழுதின கணக்கு எண் செல்லாதாம். செக்கைத் தபால்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். எண்ணுல என்ன தப்புன்னு போன்ல சொல்ல மாட்டாங்களாம். அம்மா "நான் சரியாத்தான் எழுதினேன்"னு ஒரே பேச்சு. நானும் கொஞ்சம் கத்திட்டேன். இப்ப ரெண்டு பேரும் பேசிக்கல.

பழைய_கவுண்டர் · புதன், மதியம் 12:41

வரட்டும், செக் வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். வந்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். அதுவரை அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் வயதானவர்கள் எண்ணில் தவறுவது அபூர்வம். தவறு வேறெங்கோ இருக்கும்.

ஈசூன்_மகள் · வியாழன், இரவு 8:15

ஐயா!!! கவர் வந்துச்சு.

பின்பக்கம் அழகா, கோடு போட்ட மாதிரி நேரா, அம்மா பேரு. கீழ கணக்கு எண். ஒவ்வொரு இலக்கமும் சரி, பாஸ்புக்கோட ரெண்டு தடவை ஒத்துப் பாத்தேன். ஆனா அதுக்கு முன்னாடி, ஒட்டினாப்புல, ஒரு "உ".

பிள்ளையார் சுழி!

அதை பேங்குல 2ன்னு படிச்சிருக்காங்க. ஒரு இலக்கம் கூடிப்போச்சு, அப்படி ஒரு கணக்கே இல்ல. செக்கைக் காட்டி "என்னம்மா இது?"ன்னேன். "பணம் எழுதுற இடத்துல சுழி போடாம எழுதுவாங்களா?"ன்னு என்னைத்தான் திருப்பிக் கேக்குறாங்க. மொய் நோட்டை எடுத்துப் பாத்தேன், பக்கத்துக்குப் பக்கம் சுழி. இத்தனை நாள் என் கண்ணுல படவே இல்ல. பேரன் அண்ணே, உங்க தாத்தா கதையப் படிச்சப்பவாவது எனக்குப் பொறி தட்டியிருக்கணும்.

செட்டித்தெரு_பேரன் · வியாழன், இரவு 8:31

சிரித்துச் சிரித்துக் கோப்பி சட்டையில் கொட்டிவிட்டது. பழைய தமிழ் எண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். மெஷின் மேல் தப்பில்லை.

பேநவ்_ராஜா · வியாழன், இரவு 8:40

சரி, இதுக்கு என்கிட்ட ஆப் இல்ல.

பழைய_கவுண்டர் · வியாழன், இரவு 9:05

31 வருடத்தில் மஞ்சள் பார்த்தேன், குங்குமம் பார்த்தேன், ஒருமுறை விபூதி. சுழி இப்போதுதான்.

அந்த எண்ணை அடித்துத் திருத்தாதீர்கள் மகளே. செக்கை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கே போங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், எப்படித் திருத்த வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். மொய்ப் பணத்தையும் அப்படியே கட்டிவிடலாம். 3:30க்கு முன்னால்.

ஈசூன்_மகள் · வெள்ளி, மாலை 4:10

அரை நாள் லீவு போட்டு ரெண்டு பேரும் போனோம். கியூ நம்பர் வாங்கி நாப்பது நிமிஷம். நாணயத்தைக் கோப்பிக்கடையில ஏற்கனவே மாத்தியாச்சு, அறுபது வெள்ளிக்குத் தாள், மிச்ச மூணு வெள்ளிக்குக் கோப்பியும் கயா டோஸ்ட்டும். ஓசியெல்லாம் கிடைக்கல பொருளாளர் அண்ணே. அதனால 5,160 கட்டினோம்.

செக்கைக் கவுண்டர்ல இருந்த தம்பி பாத்துட்டு, அந்த இடத்துலயே அம்மாவை என்ன எழுதணுமோ எழுத வச்சு வாங்கிக்கிட்டாரு. மலாய்க்காரத் தம்பி. சுழி என்னன்னு கேட்டாரு, நான் எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு விளக்கினேன். "ஓ, லைக் பிஸ்மில்லா"ன்னாரு. அம்மா "அதேதான்"னு தமிழ்லயே பதில் சொன்னாங்க.

ஸ்லிப்பை அம்மாவே எழுதினாங்க. கடைசியில ரெண்டு கட்டம் காலியா நின்னுச்சு, பேனா ஒரு நொடி அங்க போய் நின்னு திரும்பி வந்துச்சு. மொத்தம் கடைசியாத்தான். அச்சடிச்ச பிரதியில எண்ணை விரல் வச்சுப் படிச்சிட்டுத்தான் நகந்தாங்க.

துவாஸ்_தம்பி · வெள்ளி, இரவு 7:30

அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கக்கா. ஸ்லிப்புல சுழி போட்டாங்களா?

ஈசூன்_மகள் · வெள்ளி, இரவு 7:44

தாள்ல போடல தம்பி. எழுதுறதுக்கு முன்னாடி கவுண்டர் கண்ணாடி மேல விரலால ஒண்ணு வரைஞ்சாங்க.